மதிப்பு என்ற கட்டம்

தில்லி லக்ஷ்மிபாய் நகரின் அரசுக் குடியிருப்புகளில் ஒருவர் ஓய்வு பெறும் மாதம் பொருட்களைப் பிரிக்கும் மாதமாகிவிடும். பீரோ யாருக்கு, கட்டில் யாருக்கு, துளசித் தொட்டி எந்த வீட்டு மாடிக்கு என்பதெல்லாம் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். கடைசிவரை முடிவாகாமல் நிற்பது, கீழே வேப்பமரத்தடியில் உறையிட்டு நிற்கும் இருசக்கர வண்டிதான்.

2023 நவம்பரில் ஓய்வு பெற்ற திருநெல்வேலிக்காரர் ஒருவரிடம் இருந்தது 2009 மார்ச்சில் பதிவான ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர். மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவின் ஆயுள் பதினைந்து ஆண்டு. அதாவது நான்கு மாதங்களே மீதி. தலைநகரப் பகுதியில் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் ஓடலாகாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையை 2018இல் உச்ச நீதிமன்றமும் நிலைநிறுத்தியிருந்தது. ஆகவே அவரிடம் வந்த தரகர்கள் வண்டியின் விலையைச் சொல்லவில்லை, இரும்பின் விலையைச் சொன்னார்கள். ஊரிலிருந்து தம்பியும் தொலைபேசியில் அதையேதான் சொன்னார்: “வித்துட்டு வாங்கண்ணே. ஏத்திக் கொண்டாற கூலிக்கு இங்க பாதி வண்டி வாங்கிரலாம்லா.”

கணக்கு சரிதான். ஆனால் அந்த வண்டியின் பின்னிருக்கையில்தான் அவருடைய மனைவி இரண்டு ஆண்டுகள் சஃப்தர்ஜங் மருத்துவமனைக்குப் போய்வந்தார். பின்பிடிக் கம்பி குளிரில் கையைச் சுடுகிறது என்று அதன்மேல் அவரே சுற்றித் தைத்த துணி இன்னமும் இருந்தது. தம்பியிடம் இதை விளக்க அவர் முயலவில்லை.

ஓய்வு பெறும் மத்திய அரசு ஊழியர் ஊர் திரும்பும்போது தமக்குரிய வாகனம் ஒன்றை எடுத்துச்செல்லும் செலவையும் விதிகளுக்கு உட்பட்டுக் கோரலாம். எனவே எவ்வளவு செலவாகும் என்பதைவிட, எதில் ஏற்றுவது என்பதே அவருக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. முதலில் நினைவுக்கு வந்தது டாடா ஏஸ். 2005இல் வந்த இந்தச் சிறு சரக்கு வண்டியைத் தில்லித் தெருக்கள் ‘சோட்டா ஹாத்தி’ என்றே அறியும். அதன் தளம் ஏறத்தாழ ஏழடி நீளம். இரண்டு மீட்டர் நீளமுள்ள ஸ்ப்ளெண்டர் அதில் நேராக நிற்கும். புல்லட்டாக இருந்தால் பின்கதவை மூடுவதே பாடு. ஆனால் அந்தக் குட்டியானை நகருக்குள் ஓடப் பிறந்தது. 2,700 கிலோமீட்டருக்கு அதை அமர்த்துவது ஒரு தபாலட்டைக்குத் தனி விமானம் விடுவது போன்றது.

அடுத்தது, வீட்டுச் சாமான் ஏற்றும் நிறுவனத்தின் லாரி. விலை பேச வந்த இளைஞர் கைப்பேசியில் காட்டியது மூன்று தட்டுகளில் வண்டிகள் வரிசையாக நிற்கும் அழகிய மூடுலாரியின் படம். இருசக்கர வண்டிகளை மூன்று தட்டுகளில் ஏற்ற 2021இல் விதி திருத்தப்பட்டது உண்மை. ஆனால் அத்தகைய லாரிகள் ஆலையிலிருந்து விற்பனையகத்துக்குப் புது வண்டிகளைச் சுமப்பவை. பதினான்கு வயது ஸ்ப்ளெண்டர் யாரோ ஒருவருடைய துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் மெத்தைக்கும் நடுவேதான் பயணம் செய்யும். வழியில் எத்தனை கிடங்குகளில் இறக்கி ஏற்றப்படும் என்று அவர் கேட்டார். “டைரக்ட், சார்” என்பது பதில். எந்த ஊர்வரை டைரக்ட் என்ற அடுத்த கேள்விக்குப் பதில் வரவில்லை. முப்பது ஆண்டுகள் கோப்புகள் பார்த்தவருக்கு அந்த மௌனம் போதுமானதாக இருந்தது.

வண்டிக்குச் சேதம் விளைவது பெரும்பாலும் ஓடும்போதன்று, கைமாறும்போது. முன்கவையை இருபுறமும் பட்டையால் இழுத்துக் கட்டி, அதிர்வு தாங்கியைச் சற்றே அமுக்கி நிறுத்தினால் எவ்வளவு தொலைவும் போகும். பக்கத் தாங்கியில் சாய்த்துக் கயிறு கட்டினால் ஆக்ராவுக்குள் சாய்ந்துவிடும். ஒவ்வொரு கிடங்கிலும் அதைக் கட்டுபவர் வேறொருவர்.

மிஞ்சியது ரயில். 1929இல் ஓடத் தொடங்கிய கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் முதலாக, தில்லித் தமிழ்க் குடும்பங்களின் அம்மியும் ஆட்டுக்கல்லும் வீணையும் வந்து திரும்பிய வழி அது. தில்லித் தமிழர் வரலாற்றை எழுதுவோர் லக்ஷ்மிபாய் நகரின் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியையும் ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திரையும் மறப்பதில்லை. பார்சல் அலுவலகத்தை மட்டும் ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

நிஜாமுதீனிலிருந்து திருக்குறள் எக்ஸ்பிரஸ் நேராகவே திருநெல்வேலி வழியே கன்னியாகுமரிக்குப் போகிறது. எவரும் அதைத்தான் தேர்வார்கள். அவர் தேரவில்லை. திருநெல்வேலி அதற்கு இடைநிலையம். வண்டி நிற்கும் சில நிமிடங்களுக்குள் சரக்கறையைத் திறந்து நூறு கிலோவுக்கு மேற்பட்ட பொருளை இறக்கியாக வேண்டும். அவசரத்தில் இறக்குவார்கள், அல்லது இறக்காமல் விடுவார்கள். மதுரை சம்பர்க் கிராந்திக்கோ மதுரையே கடைசி. பயணிகள் எல்லாம் போன பிறகு நிதானமாக இறக்கலாம். அங்கிருந்து வீட்டுக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர், ஓட்டியே போய்விடலாம். இலக்கைத் தாண்டிப் போகும் வாகனத்தைவிட இலக்குக்கு முன்பே முழுவதுமாக நின்றுவிடும் வாகனம் நல்லது என்ற இந்தக் கணக்கைப் போக்குவரத்துப் பாடநூல்கள் சேர்த்துக்கொள்ளலாம்.

பார்சலாக அனுப்பினால் இடம் கிடைக்கும் வண்டியில் போகும். பயணச்சீட்டைக் காட்டி லக்கேஜாகப் பதிந்தால் கட்டணம் கூடினாலும் பயணியுடனே வரும். அவர் லக்கேஜாகவே பதிந்தார். போக்குவரத்து அலுவலகத்தின் தடையின்மைச் சான்று, பதிவுச் சான்று, காப்பீடு, அடையாள அட்டை ஆகியவற்றின் நகல்கள் கோப்பில் இருந்தன. பெட்ரோலை ஒரு சொட்டு விடாமல் வடித்தாயிற்று. நிலையத்துக்கு வெளியே ஒருவர் வைக்கோலும் சாக்கும் சுற்றித் தைத்தார். பின்பிடிக் கம்பியை மட்டும் இரண்டு முறை சுற்றச் சொல்லி அவர் அருகிலேயே நின்றார். பக்கக் கண்ணாடிகள் இரண்டையும் கழற்றித் தம் பையில் வைத்துக்கொண்டார்.

படிவத்தில் ‘மதிப்பு’ என்றொரு கட்டம். அதை நிரப்பி அதற்குரிய கூடுதல் கட்டணம் செலுத்தாவிட்டால், பொருள் தொலைந்தால் ரயில்வே தரும் இழப்பீட்டுக்கு எடையே உச்சவரம்பு. சாலைவழி அனுப்பினாலும் இதே கதைதான். 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, மதிப்பைக் கூறிக் கூடுதல் கட்டணம் செலுத்தாதவருக்குப் பொறுப்பு ஒரு வரம்போடு நின்றுவிடும். எழுத்தர் இருமுறை கேட்டார். இரும்பின் விலை நினைவிலிருந்தது. தம்பி சொன்ன பாதி வண்டியின் விலையும் இருந்தது. கடைசியில் காப்பீட்டுச் சான்றிதழில் அச்சாகியிருந்த தொகையை எழுதிக் கையொப்பமிட்டார்.

ஜனவரி மூடுபனியில் ரயில் தாமதமாகத்தான் மதுரையை அடைந்தது. சாக்கைக் கிழித்து, வைக்கோலைத் தட்டி, கண்ணாடிகளைப் பொருத்திவிட்டு, பெட்ரோல் நிலையம் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு அவர் வண்டியைத் தள்ளத் தொடங்கினார்.