வாரத்துக்கு ஒரு நாள்

நண்பர்களே, ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்குப் போன் பண்ணும்போது "மாத்திரை போட்டியாப்பா?" என்று கேட்பீர்கள்தானே? நானும் அப்படித்தான் கேட்டேன். அந்தக் கேள்விதான் என் அப்பாவை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தது.

எங்க ஊர் பெண்ணாடம். அப்பாவுக்கு வேலை விருத்தாசலத்தில், ஒரு சின்ன செராமிக் யூனிட்டில். அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் ஓரத்தைச் சீவி, ஈரத்துணியால் துடைத்து வழவழப்பாக்குவார். நான் பிளஸ் ஒன் படிக்கும்போது அவர் முழங்கையில் வெள்ளைச் செதிலாக ஒரு திட்டு வந்தது. களிமண் ஒத்துக்கலை என்று நினைத்தோம். ஒரே வருடத்தில் முழங்கால், முதுகு, தலை என்று பரவிவிட்டது. டீக்கடையில் எல்லோருக்கும் கண்ணாடி கிளாஸ், அவருக்கு மட்டும் பேப்பர் கப். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் முழுக்கைச் சட்டை இல்லாமல் வெளியே போனதே இல்லை.

அது சொரியாசிஸ். தொட்டால் ஒட்டாது, கூட உட்கார்ந்து சாப்பிட்டாலும் ஒட்டாது. நம்ம பாஷையில் சொன்னால் ஃபீட்பேக் கோளாறு. தோல் செல் ஒன்று அடியில் பிறந்து, மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். நோய் எதிர்ப்பு மண்டலம் தப்பான சிக்னலை அனுப்பிக்கொண்டே இருந்தால், நாலைந்து நாளிலேயே மேலே வந்து குவிந்துவிடும். இந்த லூப்பை மருந்தால் அடக்கி வைக்கலாம். அடியோடு நிறுத்த இன்றைக்கு வழியில்லை.

இது அப்போதே தெரிந்திருந்தால் 18,000 ரூபாய் மிச்சம். "மூன்றே மாதத்தில் வேரோடு போகும்" என்ற விளம்பரத்தைப் பார்த்து, அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கினார். பொட்டலத்தில் என்ன மருந்து என்று எழுதியே இல்லை. மூன்று மாதம் நன்றாக இருந்தது. நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகத் திரும்பி வந்தது.

சரி, என்னென்ன வழி இருக்கிறது? கொஞ்சமாக இருந்தால் மேலே பூசும் களிம்பு: ஸ்டீராய்டு, கால்சிபோட்ரியால், தார் கலந்தது. ஸ்டீராய்டு களிம்பை மெடிக்கலில் நாமே கேட்டு வாங்கி மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்துவிடும். அடுத்தது ஒளி சிகிச்சை. 311 நானோமீட்டர் அலைநீளப் புற ஊதாக் கதிர். நல்ல சிகிச்சைதான். ஆனால் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், சில மாதங்கள் போக வேண்டும். அரசு மருத்துவமனையில் கட்டணம் இல்லாவிட்டாலும் பஸ் செலவும் போன நாளின் கூலியும் யார் தருவது? அதனால் அப்பா அதை விட்டுவிட்டார். உச்சியில் பயாலஜிக் ஊசிகள். உடம்புக்குள் தப்பான சிக்னலையே மறிப்பவை. பெங்களூரின் பயோகான் 2013-இல் இட்டோலிசுமாப் என்ற ஊசியை இங்கேயே கொண்டுவந்தது. இருந்தாலும் இந்த வகை ஊசிகளின் விலை எங்கள் வீட்டு பட்ஜெட்டில் அடங்காது.

இடையில் இருப்பது மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை. பழைய மருந்து, விலை மலிவு. இது உருவான லெடர்லே ஆய்வுக்கூடத்தில் அந்த ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். இந்த மாத்திரையைச் சொரியாசிஸுக்கு வாரத்துக்கு ஒரு நாள்தான் போட வேண்டும். டாக்டர் சொன்னால் மற்ற நாளில் ஃபோலிக் ஆசிட்.

டாக்டர் அப்பாவிடம் இதைச் சொல்லியிருக்கிறார். கூட்டத்தில் அப்பா தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். சீட்டில் 'ஒன்ஸ் வீக்லி' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். எனக்கோ இன்டர்னல் எக்ஸாம். "புது மாத்திரை குடுத்திருக்காங்க பாப்பா" என்றார். "ஒருநாள்கூட விடாம போடுப்பா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

ஒன்பது நாள் விடாமல் போட்டிருக்கிறார். பத்தாம் நாள் வாயெல்லாம் புண், காய்ச்சல், எச்சில் விழுங்க முடியவில்லை. ரத்த அணுக்கள் சரிந்திருந்தன. மாத்திரை அட்டையைப் பார்த்த நர்ஸ் அக்கா டாக்டரைக் கூப்பிட ஓடினார். முறிவு ஊசி போட்டுப் பத்து நாள் வார்டில் வைத்திருந்தார்கள். "நீ சொன்னதால போடலை பாப்பா, சீக்கிரம் சரியாகட்டும்னு நானேதான் போட்டேன்" என்றார் அப்பா. அது பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ரத்தம் சரியான பிறகு, டாக்டர்கள் யோசித்து, அதே மருந்தைக் குறைந்த அளவில் மறுபடி ஆரம்பித்தார்கள். எங்களால் முடிந்தது அதுதான். குறிப்பிட்ட இடைவெளியில் ரத்தத்தையும் கல்லீரலையும் பார்க்கிறார்கள். குடி கூடவே கூடாது. குழந்தை பெறத் திட்டமிடுபவர்கள் முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும். சித்த மருத்துவத்தில் இதைக் காளாஞ்சகப்படை என்பார்கள், வெட்பாலைத் தைலம் பூசுவார்கள். அதைச் சேர்ப்பதாக இருந்தாலும் டாக்டருக்குத் தெரிய வேண்டும். மருந்தின் மூலப்பெயரைச் சொல்லி மக்கள் மருந்தகத்திலோ, 2025-இல் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். இன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் பேசும்போது, மருந்துச் சீட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் ஒதுக்கிப் படியுங்கள். புரியாததை டாக்டரிடமே கேளுங்கள்.

அப்பாவின் முழங்கைத் திட்டு இப்போது மங்கியிருக்கிறது, போகவில்லை. எங்க வீட்டுக் காலண்டரில் ஒவ்வொரு ஞாயிறுக்கும் அம்மா சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். நானும் இப்போதெல்லாம் "மாத்திரை போட்டியாப்பா?" என்று கேட்பதில்லை. "இன்னைக்கு என்ன கிழமைப்பா?" என்றுதான் கேட்கிறேன்.