ஒரே கரண்டி



அம்மா விழுந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுப் போன் செய்து விசாரித்த எல்லாருக்கும் நன்றி. எலும்பு முறிவு எதுவும் இல்லை, இப்போது தேறி வருகிறார்கள். ஆனால் அன்றைக்கு டாக்டர் கேட்ட ஒரு கேள்வி என் மனசை விட்டுப் போகவே இல்லை. அதைச் சொல்லத்தான் இன்றைக்கு எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு வயது 86. எதிலும் தடுக்கி விழவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும்போது கால் தாங்காமல் அப்படியே சரிந்துவிட்டார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண். அம்மாவின் தொடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பாட்டி என்ன சாப்பிடுறாங்க?" என்று கேட்டார். நான் பெருமையாகவே சொன்னேன். "காலையில ரெண்டு இட்லி, மத்தியானம் குழைய வடிச்ச ரசஞ்சோறு, ராத்திரி கஞ்சி. வயித்துக்கு ஒத்துக்கிடணுமேன்னு பாத்துப் பாத்துக் குடுக்கேன்."

"எல்லாமே அரிசிதானேம்மா? அப்புறம் சதை எப்படி நிக்கும்?" என்றார்.

என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். சக்தி தரும் உணவு, உடலை வளர்க்கும் உணவு, நோயிலிருந்து காக்கும் உணவு என்று கரும்பலகையில் மூன்று வட்டம் போடுவேன். வருஷம் தவறாமல் நடத்திய பாடம். அந்த டீச்சரின் வீட்டில்தான் பெற்ற தாய்க்கு இரண்டாவது வட்டம் இல்லாமல் போயிருக்கிறது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், யாருக்கு எவ்வளவு உணவு தேவை என்று 2020-ல் அட்டவணை வெளியிட்டிருக்கிறது. (1918-ல் நம் குன்னூரில் சின்ன ஆய்வுக்கூடமாகத் தொடங்கிய நிறுவனம்தான் அது.) அதன்படி பெரியவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். அம்மாவின் எடை 45 கிலோ. அப்படியானால் ஏறக்குறைய 37 கிராம். நான் கொடுத்த இட்லி, ரசஞ்சோறு, கஞ்சி, காபியில் ஊற்றிய பால் எல்லாம் சேர்த்தாலும் 15 கிராமைத் தாண்டவில்லை.

வயதானால் உடம்புக்குச் சக்தியின் தேவை குறையும் என்பது உண்மை. ஓட்டமும் நடையும் குறைகிறது, தசையும் குறைகிறது. ஆனால் புரதத்தின் தேவை அப்படிக் குறைவதில்லை. இருக்கிற தசையைக் காப்பாற்றவே அது வேண்டும். நான் இரண்டையும் ஒன்றாக நினைத்து, "வயசான வயித்துக்கு இது போதும்" என்று இரண்டையும் குறைத்துவிட்டேன்.

வருத்தம் அதோடு முடியவில்லை. அப்போது மகள் இரண்டாவது பிரசவத்துக்கு வந்து எங்கள் வீட்டில்தான் இருந்தாள். பிள்ளை பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு அடுப்படியில் விளக்கு எரிந்தது. போய்ப் பார்த்தால், மகள் நின்றபடியே ஆறிப்போன தோசையை இட்லிப்பொடியில் தொட்டுத் தின்றுகொண்டிருக்கிறாள். "பசி தாங்கலைம்மா. நீ திட்டுவியோன்னுதான் எழுப்பலை" என்றாள்.

பத்தியம் என்ற பெயரில் நான் பருப்பை நிறுத்தியிருந்தேன், பிள்ளைக்கு வாய்வாம். தண்ணீரையும் அளந்துதான் கொடுத்தேன். எனக்கு அம்மா செய்தது, அம்மாவுக்கு எங்கள் ஆச்சி செய்தது. அதே அட்டவணையில் பார்த்தேன். கர்ப்பிணிக்கு வழக்கத்தைவிட ஒரு நாளைக்கு 350 கிலோகலோரிதான் கூடுதலாகத் தேவை. பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் 600 வேண்டும். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது "ரெண்டு பேருக்குச் சேத்துச் சாப்பிடு" என்று வற்புறுத்துகிறோம். பிள்ளை வெளியே வந்து, தேவை உண்மையிலேயே ஏறும்போது பத்தியம் வைக்கிறோம். பச்சைப் பிள்ளை சும்மா தூங்குகிறது என்று நினைக்காதீர்கள். கிலோ எடைக்குக் கணக்குப் பார்த்தால், உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண்ணைப்போல் மூன்று மடங்கு சக்தி அதற்கு வேண்டும். அவ்வளவும் தாயிடமிருந்துதான் போகிறது.

மூன்றாவது தட்டு பெரிய பேத்தியுடையது. மகனின் மகள், வயது 14, லீவுக்கு வந்திருந்தாள். எப்போது பார்த்தாலும் சுருண்டு படுத்திருப்பாள். "வயசுப்பிள்ளை இப்படியா சோம்பிக் கிடப்பா? போனைக் கீழ வை" என்று திட்டினேன். "அசதியா இருக்கு ஆச்சி" என்பாள். அம்மாவுக்கு ரத்தம் எடுத்த அன்றைக்கு, எதற்கும் இருக்கட்டும் என்று இவளுக்கும் எடுத்தோம். ஹீமோகுளோபின் 9.8. அந்த வயதில் 12-க்குக் குறையக் கூடாது.

பல வருஷங்களுக்கு முன்னால் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மயங்கி விழுந்த ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை அப்போது நினைவுக்கு வந்தாள். "காலையில சாப்பிடாம ஏன் வந்தே?" என்று முதலில் அதட்டினேன். பிறகு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன். அடுத்த வாரம் வந்த நர்ஸ் அவள் கண் இமையை இழுத்துப் பார்த்து, வெளுத்திருக்கிறது என்று காட்டிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. சாப்பாட்டோடு குடிக்கும் டீ இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. பேத்தியும் மத்தியானச் சோற்றோடு டீ குடிப்பவள்தான். நான்தான் போட்டுக் கொடுத்தேன். அன்று கற்ற பாடத்தை வீட்டில் மறந்துவிட்டேன்.

13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 2400 கிலோகலோரியும், 30 மில்லிகிராம் இரும்பும் வேண்டும். உட்கார்ந்து வேலை பார்க்கும் வயது வந்த பெண்ணுக்கு 1660 கிலோகலோரி போதும். அதாவது என் தட்டைவிட அவள் தட்டு பெரிதாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது தலைகீழாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஓடிய காலத்தில் தின்ற அதே அளவு சோற்றை, ஓய்வு பெற்று உட்கார்ந்த பிறகும் நான் தின்றுகொண்டிருக்கிறேன். சர்க்கரை ஏறியதற்கு ஊரையெல்லாம் காரணம் சொன்னேன், கரண்டியைச் சொல்லவில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. பள்ளியில் சத்துணவுப் பதிவேட்டில் எத்தனை ஆண்டுகள் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்! மதிய உணவுத் திட்டத்துக்கு மத்திய அரசு வைத்திருக்கும் அளவில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு. ஆறு முதல் எட்டு வரை 150 கிராம் தானியம், 30 கிராம் பருப்பு. ஐந்தாம் வகுப்புத் தாண்டினால் பசி மாறும் என்பது அரசாங்கத்தின் தாளில் இருக்கிறது. என் வீட்டில் மட்டும் எல்லாருக்கும் ஒரே கரண்டி. அதிலும் பெண்பிள்ளைக்கும் கிழவிக்கும் கொஞ்சம் குறைத்து.

இப்போது என்ன மாற்றியிருக்கிறோம் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. அம்மாவுக்குக் காலையில் ஒரு முட்டை, ராத்திரி ஒரு டம்ளர் பால், மத்தியானம் ரசத்துக்கு முன்னால் பாசிப்பருப்புக் கடைசல், சாயங்காலம் மசித்த கொண்டைக்கடலை. முட்டை, பால், கடலை ஒவ்வொன்றிலும் சுமார் 6 கிராம் புரதம் கிடைக்கிறது. பல் இல்லாதவர்களுக்கும் இறங்கும். மகளுக்குப் பருப்பும் கீரையும் மீனும் திரும்பி வந்துவிட்டன. தண்ணீர்ச் செம்பு அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பேத்திக்கு டாக்டர் தந்த மாத்திரை, முருங்கைக்கீரை, சாப்பாட்டோடு நெல்லிக்காய் அல்லது எலுமிச்சை. டீ சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான். எனக்குச் சோறு ஒரு கரண்டி குறைவு, காய் ஒரு கரண்டி கூடுதல்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டாதீர்கள். இதை மறக்க வேண்டாம்.

இரண்டு மாதம் ஆகிறது. நேற்று அம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு தானாக எழுந்து வாசல் வரை போய் வந்தார்கள். வந்து உட்கார்ந்ததும், "இம்புட்டு நாளும் ஏன்டி எனக்கு முட்டை தரலை?" என்று கேட்டார்கள். அம்மாவுக்கு முட்டை பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். வயதாகிவிட்டதே, ஆசை போயிருக்கும் என்று நானாக முடிவு செய்திருந்தேன். பதில் சொல்ல முடியவில்லை.

என் பிள்ளைகளே, உங்களில் பலர் இப்போது அப்பா அம்மாவாகிவிட்டீர்கள், சிலர் தாத்தா பாட்டியும் ஆகிவிட்டீர்கள். இன்றைக்கு ராத்திரி சாப்பிட உட்காரும்போது அவரவர் தட்டை மட்டும் பார்க்காதீர்கள். வீட்டில் வயதில் பெரியவர் தட்டையும், வளர்கிற பிள்ளை தட்டையும், கடைசியாகச் சாப்பிடுகிறவர் தட்டையும் ஒரு தடவை பாருங்கள். என்ன பார்த்தீர்கள் என்று கீழே எழுதுங்கள், டீச்சர் திட்ட மாட்டேன்.

எல்லாரும் நல்லா இருங்க.