காய்ச்சலுக்குப் பயந்த வீடு

பீகாரில் ஒரு கிராமத்து வீட்டுத் திண்ணை. யானைக்கால் நோய்த் தடுப்பு மாத்திரையோடு வந்த ஆஷா பணியாளர், தன் கண்ணெதிரே விழுங்கச் சொல்கிறார். வீட்டு இளைஞன் மறுக்கிறான். "எனக்கென்ன வியாதி, தீதி? போன வருஷம் இதைத் தின்றுதானே காய்ச்சலில் கிடந்தேன்?" முற்றத்தில் அவன் தாய், வீங்கிய இடது காலைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருக்கிறாள்.

அவன் கேட்பது நியாயம்தான். காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். ரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீரைத் திரட்டி மீண்டும் ரத்தத்தில் சேர்க்கும் நிணநீர்ப் பாதையில், அது ஒரு சோதனைச்சாவடி. கிருமி சிக்கினால் வெள்ளணுக்கள் அங்கே பெருகும், வலி அதனால்தான்.

யானைக்கால் புழு குடியிருப்பதோ இந்தக் காவல் பாதையிலேயே. கொசுக்கடி வழியே நுழைந்து, நூல் போல வளர்ந்து, ஐந்தாறு ஆண்டுகள் வாழும். எதிர்க்க வரும் வெள்ளணுக்களை மட்டுப்படுத்தவும் அதற்குத் தெரியும். அது ஈனும் லட்சக்கணக்கான குட்டிகள் பெரும்பாலும் இரவில்தான் ரத்தத்தில் உலவும். (ரத்தப் பரிசோதனைக்காரர்கள் இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டி வசவு வாங்குவது இதனால்தான்.) பல ஆண்டுகள் காலும் வீங்காமல், ஆள் திடமாகவே நடமாடுவார்.

மாத்திரை போனதும் குட்டிகள் செத்து உடைகின்றன. அதுவரை அசந்திருந்த எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொள்கிறது. காய்ச்சல், தலைவலி, கிறுகிறுப்பு. வழக்கமாக ஓரிரு நாளில் அடங்கிவிடும். புழு இல்லாதவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. அவனுடைய காய்ச்சல் மாத்திரை தந்த நோயல்ல. உள்ளே புழு இருந்ததற்கு அநேகமாக அதுவே சாட்சி. போன வருஷம் இதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. எத்தனை பேர் விழுங்கினார்கள் என்பதற்குத்தான் பதிவேடு இருக்கிறது.

2018 முதல் சில மாவட்டங்களில் இரண்டு மருந்துக்குப் பதில் மூன்று தரப்படுகின்றன. நோயை ஒழிக்க இந்தியா குறித்துக்கொண்ட ஆண்டு 2027. தாய்க்கு அந்தக் கெடு உதவாது. நிணநீர்க் குழாய்கள் பழுதான பிறகு தேங்கிய நீரை எந்த மாத்திரையும் வடிக்காது. விரலிடுக்கு வெடிப்பில் கிருமி புகுந்தால் குளிர்க்காய்ச்சல் வரும், வீக்கம் இன்னும் ஏறும். அதற்காகத்தான் தினமும் கழுவி, பழந்துணியால் விரல் விரலாக ஒற்றி எடுக்கிறாள்.

பணியாளர் காய்ச்சலின் காரணத்தைச் சொல்லி முடித்ததும், அவன் தாயின் காலைப் பார்க்கிறான்.

"வெறும் வயிற்றில் சாப்பிடலாமா?"

"கூடாது தம்பி."

ரொட்டி தின்றுவிட்டு வருவதாகச் சொல்லி உள்ளே போகிறான். நம்பிப் போய்விடாமல், பணியாளர் திண்ணையில் உட்கார்ந்துகொள்கிறார்.