சின்ன ஆர்தரின் கோப்பை

எனக்கு ஹீத்க்ளிஃபைப் பிடிக்காது. கல்லூரியில் இதைச் சொன்னால் தோழிகள் சண்டைக்கே வருவார்கள். "முரடன்தான், ஆனா எவ்ளோ காதல் பாருடி!" ரோச்செஸ்டருக்கும் இதே வக்காலத்து. மனைவியை மாடியில் பூட்டி வைத்துவிட்டு இன்னொருத்தியை மணக்கப் பார்த்தவன், ஆனாலும் மனசில் காயம்பட்டவனாம். எமிலி, சார்லட் பிராண்டே சகோதரிகளின் இந்த நாவல்கள் இரண்டும் 1847இல் வந்தவை. இரண்டிலும் ஆணின் கொடுமைக்கு ஒரு கவர்ச்சி இருக்கிறது.

அடுத்த வருஷம் கடைசித் தங்கை ஆன், ஆக்டன் பெல் என்ற புனைபெயரில் 'தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்' நாவலை வெளியிட்டார். அதில் வரும் ஹன்டிங்டன் அழகன், சிரிக்கச் சிரிக்கப் பேசுபவன். திருத்திவிடலாம் என்று நம்பித்தான் ஹெலன் அவனைக் கட்டிக்கொள்கிறாள். அவனிடம் தோண்டிப் பார்க்க எந்த மர்மமும் இல்லை. குடி, கூட்டாளிகள், கள்ளக்காதல். அவ்வளவுதான்.

நான் திரும்பத் திரும்பப் போகிற இடம் அவர்கள் மகன், சின்ன ஆர்தர் வருகிற பக்கங்கள். பால்மணம் மாறாத பையனை அப்பனும் கூட்டாளிகளும் பக்கத்தில் உட்கார வைத்து ஒயின் குடிக்கவும், கெட்ட வார்த்தை பேசவும், அம்மா பேச்சைத் தட்டவும் பழக்குகிறார்கள். அவனை 'ஆம்பளை' ஆக்குகிறார்களாம். பிறகு ஹெலன் அவனுக்குக் கொடுக்கும் ஒயினில் கொஞ்சம் வாந்தி மருந்தைக் கலக்கிறாள், குடியே அவனுக்குக் குமட்டட்டும் என்று. கடைசியில் மகனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். கதை நடப்பது 1820களில். சின்னப் பிள்ளைகளைத் தன்னிடம் விடச்சொல்லித் தாய் நீதிமன்றம் போக வழி வந்ததே 1839இல்தான்.

ஆன் கெட்டவனோடு நிறுத்தவில்லை. கதை சொல்லும் கில்பர்ட் நல்லவன். ஆனால் அவன் வீட்டிலும் நல்லதெல்லாம் ஆண்களுக்குத்தான் என்று தங்கை ரோஸ் பொருமுகிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டிலும் முட்டை முதலில் அண்ணன் தட்டுக்குத்தான் போகும். அப்படிச் செல்லமாய் வளர்ந்த கில்பர்ட், பொறாமையில் ஹெலனின் சகோதரனை, சகோதரன் என்றே தெரியாமல், சாட்டைப் பிடியால் மண்டையில் அடித்துக் குதிரையிலிருந்து வீழ்த்துகிறான். ஹன்டிங்டனின் குடிமேசையிலும் இந்த அம்மாவின் சமையலறையிலும் ஒரே பாடம்தான் நடக்கிறது. இங்கே அன்போடு நடக்கிறது.

நாவல் வந்த சில மாதங்களில், குடியிலும் அபினிலும் சீரழிந்த அண்ணன் பிரான்வெல் இறந்தார். 1849இல் ஆனும் போய்விட்டார், 29 வயதில். மறுவருஷம், இந்தக் கதைப்பொருளைத் தேர்ந்ததே தவறு என்று எழுதினார் சார்லட். மறுபதிப்பிலும் அவருக்கு விருப்பமில்லை. அக்காவின் வலி புரிகிறது. ஆனால் கண்ணெதிரே நடப்பதைக் கடைக்குட்டி சொல்லிவிட்டால், 'உனக்கெதுக்கு இந்தப் பேச்சு' என்பதும் வீடுகளில் நடப்பதுதானே.