சுரண்டிய இலக்கம்

மின்சுற்றுப் போர்ட்டில் வைக்கிற ஐசியின் முதுகில் அச்சடித்திருக்கும் இலக்கத்தை அழிப்பதற்குக் கத்தி சரிவராது. கீறல் விழுந்து, இவன் எதையோ மறைத்திருக்கிறான் என்று காட்டிக்கொடுத்துவிடும். மெல்லிய அரத்தாளைத் தண்ணீரில் தொட்டு, ஒரே பக்கமாகத் தேய்க்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் இலக்கம் போய், கறுப்பு ஒரே சீராக வந்துவிடும். இணுவிலில் என் வீட்டுச் சாய்ப்பில் செய்து விற்ற ஒவ்வொரு பம்ப் கொன்ரோலரிலும் கடைசி வேலை எனக்கு இதுதான். எவனாவது பெட்டியைத் திறந்து இலக்கத்தைப் பார்த்து, கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் அதே ஐசியை வாங்கிவந்து எனக்கு எதிராகக் கடை போட்டுவிடுவான் என்ற பயம்.

அந்தப் பெட்டி செய்கிற வேலை பெரிதல்ல. எங்கள் பக்கம் செம்மண் தோட்டம். வெங்காயமும் புகையிலையும் மரக்கறியும் கிணற்றுத் தண்ணீரில்தான். கோடையில் மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே நீர்மட்டம் இறங்கிவிடும். தண்ணீரில்லாமல் ஓடினால் பம்பின் சீல் கருகும். வோல்ற்றேச் இறங்கிய நேரத்தில் ஓடினால் மோட்டரின் சுருளே போகும். இரண்டையும் பார்த்து நிறுத்திவிடுவதுதான் கொன்ரோலர். கிணற்றுக்குள் இரண்டு எவர்சில்வர் கம்பிகள் தொங்கும். தண்ணீர் அவற்றைத் தொடுகிறதா என்று போர்ட் பார்க்கும். அந்தக் கம்பிகளுக்கு நேர்மின்னோட்டம் கொடுத்தால் எங்கள் சுண்ணாம்புக் கிணற்றில் ஒன்று அரிபடும், மற்றதில் வெள்ளையாகக் காரை படியும். பிறகு தண்ணீர் இருந்தும் இல்லை என்று சொல்லும். அதனால் திசை மாறி மாறி, சிறு துடிப்பாகக் கொடுக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு கோடை பிடித்தது. கண்டுபிடித்ததை ஒருவருக்கும் சொல்லவில்லை.

சொல்லாமல் இருக்கப் பழகியது 1990க்குப் பின்னான காலத்தில். யுத்தத்தால் யாழ் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் பற்றறிகூட வராது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட நாட்கள். அப்போது பழுதுபார்க்கிறவனுக்கு ஊரில் தனி மதிப்பு. டைனமோ தரும் மின்சாரத்தைச் சீராக்கி, வானொலி இரையாமல் பாட வைக்க ஒரு டயோட்டும் கப்பாசிற்றரும் எங்கே போட வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும், வீட்டில் அடுப்பு எரியும். உதிரிப்பாகம் எல்லாம் செத்த போர்ட்டுகளிலிருந்து கழற்றியதுதான். ஈயம் உருக்க, சிரட்டைக் கரியில் சூடாக்கிய செப்புக் கட்டி. தெரிந்ததே கொஞ்சம், அதையும் சொல்லிக்கொடுத்தால் நாளைக்கு என்னிடம் ஏன் வருவார்கள் என்று ஒவ்வொரு மெக்கானிக்கும் நினைத்தான். 1995 ஒக்ரோபரில் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது நானும் நடந்தேன். திரும்பி வந்து வீடு திருத்தினேன், மின்சாரம் வந்தது, யுத்தமும் முடிந்தது. அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

அயல்வீட்டுப் பிள்ளை ஒருத்தி உயர்தரச் சோதினை எழுதிவிட்டு என்னிடம் வேலை பழக வந்தாள். கை நிதானமானவள், அவள் வைத்த ஈயம் ஒவ்வொன்றும் சின்னக் கூம்புபோல், மினுக்கமாக நிற்கும். ஆனால் கேள்வி கேட்பாள். “இந்தக் கப்பாசிற்றரை ஏன் மாமா ஐசியோட ஒட்டி வைக்கிறியள்? அங்கால இடம் கிடக்குதுதானே?” நான் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்: “பாத்துப் பழகு பிள்ளை.” அவளை வெளியே அனுப்பிவிட்டு அரத்தாளை எடுத்த நாட்களும் உண்டு. இதை எழுதும்போது கை கூசுகிறது.

2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. மண்ணெண்ணெய் பம்பு வைத்திருந்த தோட்டக்காரர் மின்மோட்டருக்குத் திரும்ப, என்னிடம் கேட்டு வருகிறவர்கள் கூடினார்கள். அதுவரை போர்ட்டை நானே செய்தேன்: செப்புத் தகட்டில் பாதையை மையால் வரைந்து, பெரிக் குளோரைட் கரைசலில் போட்டு, மை படாத செம்பைக் கரைத்து, ஒரு மில்லிமீற்றர் துளை ஒவ்வொன்றாகத் துளைத்து. துணியில் பட்ட மஞ்சள் கறை சாகும்வரை போகாது. நாளுக்கு நாலைந்து போர்ட்டுக்கு மேல் முடியாது. கடைசியில் பிள்ளைதான் சொன்னாள், ஷென்செனில் செய்து தருவார்கள், ஐந்து போர்ட் என்றாலும் எடுப்பார்கள், சிறு பாகங்களை மெஷினால் பொருத்தியும் அனுப்புவார்கள் என்று.

கொன்ராக்ட் உற்பத்தி என்றால் காசைக் கொடுத்துப் பொருளை வாங்குவது என்றுதான் நினைத்திருந்தேன். காசு கடைசியில் வருவது. முதலில் கேட்பது மூன்று கோப்பு. செப்புப் பாதை, துளை, மேல்பூச்சு எல்லாம் படலம் படலமாக இருக்கும் கேர்பர் கோப்பு. எந்தப் பாகம் எங்கே, எத்தனை பாகை திரும்பி இருக்க வேண்டும் என்ற அட்டவணை. பிறகு பாகப் பட்டியல். பாகப் பட்டியலில் ஒரு நிரலுக்குத் தலைப்பே ‘தயாரிப்பாளரின் முழு இலக்கம்’. இத்தனை வருடம் நான் அரத்தாளால் தேய்த்த அதே இலக்கத்தை, ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் அங்கே எழுத வேண்டும். இல்லாவிட்டால் மெஷினுக்கு எந்த றீலை மாட்டுவது என்று அவர்களுக்குத் தெரியாது.

இடையில் ஒன்று. கேர்பர் என்பது ஆளின் பெயர் என்று அப்போதுதான் அறிந்தேன். ஜோசப் கேர்பர், வியன்னாவில் பிறந்த யூதர். நாஜிகளிடமிருந்து தப்பி 1940இல் அமெரிக்கா போனவர். அச்சிட்ட சேர்க்கிட்டை உருவாக்கிய போல் ஐஸ்லரும் வியன்னாக்காரர்தான், அவரும் யூதர். 1936இல் இங்கிலாந்துக்குப் போனார். தான் செய்த வானொலியை அங்கே ஒரு கொம்பனிக்குக் காட்டியபோது, கம்பி இணைக்கப் பெண்பிள்ளைகள் இதைவிட மலிவாகக் கிடைப்பார்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். யுத்தம் தொடங்க, எதிரிநாட்டான் என்று பிடித்து அடைத்தும் வைத்தார்கள். ஊரைவிட்டு ஓடிய இரண்டு பேருடைய வேலையின் மேல்தான் உலகத்துக் கைபேசி எல்லாம் நிற்கிறது. எங்கள் பக்கத்தில் இதை வாசிக்கிற எவருக்கும் ஏதோ ஒன்று உள்ளே இடறும்.

கோப்பை அனுப்பி இரண்டாம் நாள் கேள்விகள் வந்தன. D3 டயோட்டில் கோடு எந்தப் பக்கம்? படத்தில் இல்லையே. நியாயமான கேள்வி. றிலேச் சுருளுக்குக் குறுக்கே நிற்கிற டயோட் அது. மாறிப் போட்டால் முதல்தரம் றிலே இழுக்கும்போதே ரான்சிஸ்ரர் வெடிக்கும். கையால் வைக்கும்போது பிள்ளை என்னைப் பார்த்து வைத்தாள். மெஷின் யாரைப் பார்க்கும்? அடுத்தது: கிணற்றுக் கம்பி வந்து சேரும் பாதைகளுக்கு நடுவில் ஒரு வெட்டு விட்டிருக்கிறீர்கள், தவறா, வேண்டுமென்றா? பிறகு: C7 கப்பாசிற்றர் ஐசிக்கு மிக நெருக்கமாக இருக்கிறது, இரண்டு மில்லிமீற்றர் தள்ளலாமா?

பிள்ளை கணினியில் இருந்தாள்; நான் சொல்லச் சொல்ல அவள் ஆங்கிலத்தில் தட்டினாள். தள்ள வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று எழுத வேண்டும், சும்மா வேண்டாம் என்றால் நாளைக்குத் திரும்பவும் கேட்பார்கள் என்றாள். எழுது: றிலே விழும்போது சப்ளையில் ஒரு துள்ளல் வரும். ஐசிக்குப் பக்கத்திலேயே கொஞ்சம் மின்னைச் சேர்த்து வைத்தால்தான் அந்தத் துள்ளலைத் தாங்கும். தூரத்தில் வைத்தால் பாதையின் நீளமே அதைக் கெடுக்கும். ஐசி குழம்பி முதலிலிருந்து தொடங்கும், தோட்டத்தில் மோட்டர் நின்று நின்று ஓடும்.

அவள் தட்டுவதை நிறுத்தினாள். “இதைத்தானே மாமா நான் அண்டைக்குக் கேட்டனான்.”

முகம் தெரியாத ஒருவருக்கு அரை மணித்தியாலத்தில் சொல்லி முடித்ததைப் பக்கத்தில் இருந்து வேலை செய்தவளுக்குச் சொல்லவில்லை. என்ன பதில் சொல்வது? பேச்சை மாற்ற நினைத்து, பாகப் பட்டியலில் இன்னும் போடாமல் விட்ட ஐசியின் இலக்கத்தை நானே போடுகிறேன், நீ எழும்பு என்றேன். “அது எனக்கு எப்பவோ தெரியும்” என்றாள். ஐசி வருகிற பிளாஸ்ரிக் குழாயில் இலக்கம் அச்சடித்திருக்கும். நான் ஐசியைச் சுரண்டிவிட்டுக் குழாயைக் குப்பை வாளிக்குள் போட்டிருக்கிறேன். வாளியை ஒவ்வொரு நாளும் பின்னேரம் கொட்டுகிறவள் அவள்.

போர்ட்டுகள் வந்தன. ஒன்றரை மில்லிமீற்றர் நீளமுள்ள ரெசிஸ்ரர்கள் அணிவகுத்து நிற்கிற அழகைப் பூதக்கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டே இருக்கலாம். முதலில் தகட்டில் பசைபோன்ற ஈயத்தை அச்சடித்து, அதன் மேல் பாகங்களை மெஷின் வைத்து, பிறகு அடுப்பு. வழக்கமான ஈயம் கலக்காத பசை என்றால் 217 பாகைக்கு மேலேதான் உருகும். அடுப்பில் ஒரு முனை மற்றதற்கு முந்தி உருகினால் பாகம் செங்குத்தாக எழும்பி நின்றுவிடும். எங்களுக்கு வந்ததில் அப்படி ஒன்றும் இல்லை. றிலே, திருகாணி இணைப்பி போன்ற பெரியவற்றை இங்கே கையால் வைக்கிறோம். பரிசோதனையும் இங்கேதான். முதல்தரம் மின் கொடுக்கும்போது வழியில் ஒரு நூறு வாற்ஸ் பல்பைத் தொடராகப் போடுவேன்; உள்ளே எங்காவது முட்டினால் போர்ட் தப்பும், பல்ப் எரியும். இந்தப் பழைய வித்தையை இப்போது பிள்ளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். வருகிறவன் போகிறவன் எல்லாம் வாசிக்கிறான்.

இப்படிப்பட்ட வேலை இந்த நாட்டுக்கு முன்பே வந்திருக்கலாம். 1980களின் தொடக்கத்தில் மோட்டரோலாவும் ஹாரிஸ் கோப்பரேஷனும் இலங்கையில் இலத்திரனியல் தொழிற்சாலை தொடங்க வந்து, 1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கைவிட்டன. அவை கைவிடாமல் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசிப்பதில் எனக்கு ஒரு கசப்பான ருசி உண்டு. பிள்ளைக்கு அந்த ருசி இல்லை. அவள் பிறக்கும்போது அதெல்லாம் பழங்கதை.

போன மாதம் ரொறன்ரோவில் இருக்கிற ஊர்த் தம்பி ஒருவர், தான் வடிவமைத்த சூரியமின் விளக்குப் போர்ட்டை இணுவிலிலேயே பொருத்தித் தர முடியுமா என்று கோப்பு அனுப்பினார். இந்த முறை நாங்கள்தான் கொன்ராக்ட்காரர். பிள்ளை ஒரு பக்கம் நிறையக் கேள்வி எழுதி அனுப்பிவிட்டாள். அவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். “அண்ணை, உங்கட பிள்ளை எனக்குச் சோதினை வைக்கிறாவோ? அந்த மூண்டாவது கேள்வி அவவுக்கு ஏன்? அது எங்கட டிசைன் ரகசியம்.”

அதை அவளிடமே கேளுங்கள் தம்பி என்று சொல்லி, போனை அவள் கையில் கொடுத்தேன்.