கை பட்டா கொடி வாடுமா?

கொடி ஒன்று திடீரென்று வாடினால் எங்கள் லயத்தில் இரண்டு கேள்விகள் வரும். முதல் கேள்வி, யாரு கண்ணு பட்டுச்சு? இரண்டாவது கொஞ்சம் மெதுவான குரலில் வரும்: "தூரமா இருக்கும்போது எவளாச்சும் கொடிப்பக்கம் போனீங்களாடி?" லயத்தில் வளர்ந்த எந்தப் பொண்ணும் இந்தக் கேள்விக்குத் தப்பியதில்லை. பூசணிக்குக் கேட்டிருக்கிறார்கள், பாகலுக்குக் கேட்டிருக்கிறார்கள். போன வருசம் வத்தகக் கொடிக்கும் கேட்டார்கள். அந்த விசாரணையில் நாங்கள் நான்கு பேர் நின்றோம்.

வத்தகப்பழம் எங்கள் மலைப் பயிர் இல்லை. ஊவாவின் கீழ்ப்பக்கம், வெல்லவாய, புத்தல, மஹியங்கனை என்று வெயில் காய்கிற இடத்தில்தான் அது நன்றாக விளையும். லொறியில் ஏறிப் பதுளைக்கு வரும். பஸ் ஸ்டாண்ட் பக்கம் கொமடு என்று கேட்டால்தான் கடைக்காரருக்குப் புரியும். தின்று துப்பின விதையை எங்கள் லயத்து அம்மாயி ஒருவர் லயத்துக் கோடியில் எருப்போட்டு ஊன்றினார். ஐந்து கொடி படர்ந்து, பிஞ்சும் விட்டது. பிறகு ஒரு கொடி நடுப்பகலில் துவண்டது, சாயங்காலம் நிமிர்ந்தது. மறுநாளும் அப்படியே. நாலாம் நாள் நிமிரவில்லை. அதற்குப் பக்கத்துக் கொடியும் துவள ஆரம்பித்த பிறகுதான் விசாரணை.

அடித்தண்டைச் சாய்வாகச் சீவிப் பார்த்தோம். உள்ளே தண்ணீர் ஏறுகிற குழாய்கள் பழுப்பு நிறமாக இருந்தன. பியூசாரியம் வாடல் என்பதற்கு இதுதான் அடையாளம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் பங்கசு என்று படிப்போமே, அந்த வகை. மண்ணில் இருந்து வேருக்குள் நுழைந்து குழாயை அடைத்துவிடும். வேரில் தண்ணீர் இருந்தும் இலைக்குப் போய்ச் சேராது. விதையோடு வரும், மண்வெட்டியில் ஒட்டின மண்ணோடு வரும், மழைத்தண்ணீர் ஓடுகிற வழியில் வரும். ஒரு தடவை வந்தால் வத்தகையே போடாவிட்டாலும் பத்து வருசத்துக்கு மேல்கூட மண்ணுக்குள் காத்திருக்கும்.

எல்லா நோயும் ஒரே பாதையில் வருவதில்லை. இலையில் மாவு தூவின மாதிரி வெள்ளை படர்ந்தால் அது காற்றில் வந்தது. இலையின் மேலே மஞ்சள் கட்டம் கட்டமாகத் தெரிந்து, அடியில் சாம்பல் பூத்தால் அதுவும் காற்றுதான், ஆனால் இலையில் ஈரம் வேண்டும். இலையிலும் காயிலும் கறுப்புப் புள்ளி குழி விழுந்தால், மழைத்துளி தெறித்து ஒரு இலையிலிருந்து இன்னொரு இலைக்குத் தாவியிருக்கும். இலை சுருண்டு தேமல் விழுந்தால் வைரசு. சாறு குடிக்கிற அசுவினிப் பூச்சி நோய்க்கொடியில் வாய் வைத்துவிட்டு அடுத்த கொடியில் வாய் வைக்கிற நேரம் அதற்குப் போதும். விதைக்கொட்டையோடு கடல் தாண்டுகிற நோயும் உண்டு. 1989இல் அமெரிக்காவில் புளோரிடா போன்ற மாநிலங்களில் வத்தகக் காயின் தோலில் கறை விழுந்து அழுகிப்போன பற்றீரியா நோய் அப்படி விதை வழி பரவுகிறதுதான்.

அப்போ கை பட்டால் நோய் பரவாதா? பரவும். மழை விட்டதும் ஈரக்கொடிக்குள் நடந்து காய் திருப்புகிற கை, நோய்த்தண்டை வெட்டின கத்தியைத் துடைக்காமல் அடுத்த தண்டை வெட்டுகிற கை, இரண்டும் பரப்பும். அது தாத்தாவின் கையாக இருக்கலாம், பூசாரியின் கையாகவும் இருக்கலாம். பங்கசுக்கு நாள் கணக்குத் தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது. மாதவிலக்கு நாளில் கொடியைத் தொடக்கூடாது என்கிறவர்கள் யாரும், அந்த நாளில் கொழுந்து பறிக்கப் போகாதே என்று சொன்னதில்லை. காலையில் பெரட்டுக்குப் போய், வயிற்றுவலியோடு மலை ஏறி, நாள் முழுக்க இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ளுகிறோம். அந்தக் கை பட்டு இந்தத் தேயிலை வாடியிருந்தால் ஊவாவில் இன்றைக்கு ஒரு செடிகூட மிஞ்சியிருக்காது.

நோய்க்குப் பொம்பளைப் பெயர் வைக்கிற வழக்கம் லயத்தோடு முடியவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பதுளை மாவட்டத்து மடுல்சீமையில் 1869இல் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்திருப்பதைக் கண்டார்கள். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்த த்வெயிட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பெர்க்லி என்ற பங்கசு அறிஞர் அதே வருசம் அதற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். வாஸ்டாட்ரிக்ஸ் என்றால் லத்தீனில் நாசம் செய்கிறவள். துரைமார் அதைச் செல்லமாகச் சுருக்கி "நாசகார எமிலி" ஆக்கிக்கொண்டார்கள். எங்கள் அம்மாயிகளும் துரைமாரும் ஒத்துப்போன விசயம் இது ஒன்றுதான் போல.

எமிலி எப்படிப் பரவினாள் என்பதைப் பார்க்க 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி இலங்கைக்கு வந்தார். கண்ணாடித் துண்டுகளில் பிசுபிசுப்புத் தடவித் தோட்டத்தில் வைத்து, காற்றில் வருகிற வித்துகளைப் பிடித்தார். அந்த வித்து இலையில் தண்ணீர் இருந்தால்தான் முளைக்கும், அடிப்பக்கத்துச் சின்னத் துவாரங்கள் வழியாக உள்ளே போகும் என்று காட்டினார். மலைக்கு மலை இடைவெளியே இல்லாமல் ஒரே பயிரை நட்டதுதான் காற்றுக்கு வழி திறந்துவிட்டது என்றும் சொன்னார். 1882இல் அவர் திரும்பிப் போனபோது கோப்பிக்கு நேரம் கடந்துவிட்டது. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின.

எங்கள் கதை அங்கேதான் திரும்புகிறது. கோப்பிக்குப் பழம் பறிக்கிற காலத்தில்தான் ஆள் நிறைய வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்தவர்களில் பலர் சீசன் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். தேயிலைக்கு வருசம் முழுக்கக் கொழுந்து பறிக்க வேண்டும், அதற்குக் குடும்பம் குடும்பமாகத் தங்க வேண்டும். மடுல்சீமையில் இலைக்கடியில் படிந்த தூளுக்கும், நாங்கள் இந்த மண்ணில் பிறந்ததற்கும் தொடர்பு இருக்கிறது.

வந்தவர்களையும் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். வாந்திபேதி, கொள்ளைநோய் கொண்டுவந்துவிடுவார்கள் என்று மண்டபம் முகாமில் மறித்து, நாட்கணக்கில் வைத்துச் சோதித்துத்தான் கப்பலில் ஏற்றினார்கள். 1946இல் தேயிலைக் கொப்புள நோய் வந்தது. அசாமில் பல காலமாக இருந்த நோய், அதே வருசத்தில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தோன்றியது. காற்றை மறிக்க முகாம் ஏது?

கொப்புளம் பிடிப்பது இளங்கொழுந்தைத்தான், அதாவது நாங்கள் கிள்ளுகிற அதே இலையை. முதலில் எண்ணெய்ச் சொட்டு விழுந்த மாதிரி ஒளி ஊடுருவுகிற ஒரு புள்ளி. பிறகு மேலே குழி விழுந்து அடியில் புடைக்கும், அந்தப் புடைப்பு வெல்வெட் மாதிரி வெளுக்கும். மூடுபனியும் தூறலும் நாட்கணக்கில் நின்றால் பரவும். நல்ல வெயிலில் அதன் வித்து பிழைக்காது, அதனால்தான் மழைக்காலத்துக்கு முன்னால் நிழல் மரங்களின் கிளையை வெட்டி வெளிச்சம் விடுகிறார்கள், செம்பு மருந்து அடிக்கிறார்கள். எங்கள் பக்கம் கச்சான் காற்று வீசுகிற ஆடி ஆவணியில் இது அடங்கியிருக்கும், வடகீழ் மழையோடு திரும்பும். அந்த எண்ணெய்ப் புள்ளியை முதலில் பார்ப்பது கொழுந்து பறிக்கிற பொம்பளைதான். "எந்த மலையில் பார்த்தீங்க?" என்று பெரட்டில் ஒருநாளும் எங்களிடம் கேட்டதில்லை. லயத்துக் கொடிக்கு விசாரிக்கிற ஆர்வத்தில் பாதி இருந்தால் போதும்.

வாடல் நோய்க்கு எல்லோரும் சொல்கிற வழி சுலபமானது: இடத்தை மாத்து. வெலிமட, ஊவா பரணகம பக்கம் உருளைக்கிழங்கு போடுகிறவர்களுக்கும் இதையே சொல்கிறார்கள். அங்கே வருகிற பற்றீரியா வாடல் இன்னும் பொல்லாதது, தக்காளி, கத்தரி, மிளகாய் என்று அந்தக் குடும்பத்தையே பிடிக்கும். தண்டை வெட்டி கிளாஸ் தண்ணீரில் வைத்தால் பால் மாதிரி நூல் இறங்கும், அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். அந்த மண்ணில் சில போகத்துக்குச் சோளம் மாதிரி வேறு எதையாவது போட வேண்டும்.

லயத்தில் ஒரு வீட்டுக்கு இருப்பது நான்கைந்து பாத்தி. அதற்கும் உறுதி கிடையாது. புது வீட்டுத் திட்டத்தில் கிடைத்தவர்களுக்கும் சில பேர்ச்தான், அதில் வீடும் நிற்க வேண்டும். இதில் எந்த இடத்தை எந்த இடத்துக்கு மாத்துகிறது? வாடின கொடிகளை எருக்குழியில் போடாமல் எரித்தோம், மண்வெட்டியைக் கழுவினோம். அந்தப் பாத்தியில் இப்போது பாகல் நிற்கிறது, வத்தகையின் வாடல் பாகலைப் பொதுவாகப் பிடிக்காது. தக்காளிப் பாத்திகளில் பாதி போய்விட்டது, அங்கே சோளம் போட்டால் கறிக்கு ஒன்றும் இல்லை. கானுக்கு அந்தப்பக்கம் பல வருசமாகக் கவ்வாத்து பண்ணாமல் காடு மண்டின தேயிலை மலை கிடக்கிறது. அதில் வீட்டுக்கு இரண்டு பாத்தி கேட்டு லயத்துப் பொம்பளைகள் பதினொரு பேர் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்து இரண்டு மாதமாகிறது. பதில் இன்னும் வரவில்லை.