நால்வரும் ஒரு பக்கம்

விளையாட்டென்றால் ஒருவர் வெல்ல, மற்றவர் தோற்கவேண்டும். சிறு பிராயம் முதல் நாம் கண்ட வழக்கம் இதுவே. தாயத்தில் ஒருவர் காயை ஒருவர் வெட்டினோம். முந்நூற்றுநாலில் எதிர்க்கட்சிக்காரரின் முகம் வாடுவதைக் கண்டு மகிழ்ந்தோம். ஆகவே, சென்ற விடுமுறையில் ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த தமையனார் மகன், கனத்த பெட்டி ஒன்றை மேசைமேல் வைத்து, “சித்தப்பா, இதிலே எல்லாரும் ஒரு பக்கம்” என்றபோது, அது எப்படி விளையாட்டாகும் என்று நாம் நகைத்தோம்.

நிலவறைக்குள் இறங்கி அரக்கரோடு பொருதும் இவ்வகை விளையாட்டு அமெரிக்காவிற் பிறந்தது. 1974ஆம் ஆண்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ஆக்கிய ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ அதற்கு மூலம். அதிலே ஒருவர் கதையை நடத்திப் பகைவரையும் இயக்குவார். 1989இல் வெளிவந்த ‘ஹீரோகுவெஸ்ட்’ என்னும் பலகை விளையாட்டிலும் ஒருவர் தீய மந்திரவாதியின் பக்கம் அமரவேண்டும். ஐசாக் சில்ட்ரஸ் ஆக்கி 2017இல் வெளிவந்த ‘குளூம்ஹேவன்’ அந்த ஆசனத்தையே அகற்றிவிட்டது. அரக்கர் நகர்வதையும் தாக்குவதையும் கடுதாசிக் கட்டு ஒன்றே தீர்மானிக்கும். மேசையைச் சுற்றியிருப்போர் அனைவரும் தோழர்.

எம் வீட்டுக்கு வந்தது அதன் தம்பி எனத்தக்க ‘ஜோஸ் ஒவ் த லயன்’, 2020இல் வெளியானது. அதில் 25 கட்டங்கள் உண்டு. நால்வர் வரை ஆடலாம். தனிப் பலகை இல்லை. புத்தகத்தை விரித்தால் அதன் பக்கமே நிலவறையாகும். அறுகோணக் கட்டங்களில் காய்களை நிறுத்தவேண்டியதுதான். கேடயந் தாங்கும் செங்காவலன் எமக்கு. கோடரி எறிபவன் இல்லாளுக்கு. வெடி வைத்துத் தகர்க்கும் பாத்திரம் தமையனார் மகனுக்கு. தோழரைக் குணப்படுத்தவும் ஏவவும் வல்ல மந்திரக்காரி மகளுக்கு.

இதன் நுட்பம் கடுதாசியிலே இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு கடுதாசிகளைத் தெரிந்து, ஒன்றின் மேற்பாதியையும் மற்றதன் கீழ்ப்பாதியையும் பயன்படுத்தவேண்டும். இட்டவை தீர்ந்ததும் ஓய்வெடுத்து மீட்டுக்கொள்ளலாம். ஆயின் ஒவ்வோர் ஓய்விலும் ஒரு கடுதாசி அன்றைய ஆட்டம் முடியும்வரை போய்விடும். படுகாயத்தைத் தடுக்க விரும்பினாலும் கடுதாசியையே பலியிடவேண்டும். கடுதாசிதான் மூச்சு. அது தீர்ந்தவர் களைத்து வீழ்வார். நால்வரும் வீழ்ந்தாற் தோல்வி. ஒருவர் எஞ்சி நின்று காரியத்தை முடித்தாலும் வெற்றி நால்வருக்கும் உரியது.

முதல் இரவு நாமே தளபதியானோம். இல்லாளின் கடுதாசிகளை எட்டிப் பார்த்து, “இதைப் போடும்” என்றோம். மகளிடம், “பிள்ளை, நீ எனக்குப் பின்னால் வந்து நில்” என்றோம். அவளும் “சரி அப்பா” என்று காயை நகர்த்தினாள். தோற்றோம். மறுநாளும் அவ்வாறே கட்டளையிட்டு, அவ்வாறே தோற்றோம்.

அப்பொழுது தமையனார் மகன் தயங்கித் தயங்கி ஒரு விதியை நினைவூட்டினான். கடுதாசிகளில் எண்கள் உண்டு. சிறிய எண் இட்டவர் முந்துவார். அந்த எண்ணையோ, தெரிந்த கடுதாசியையோ வெளிப்படையாகச் சொல்லலாகாது. “விரைவேன்”, “பிந்துவேன்” என்ற அளவிற் குறிப்புக் காட்டலாம், அவ்வளவே. “இல்லாவிட்டால் ஒருவர் விளையாட, மற்ற மூவரும் காயை நகர்த்துவோராகிவிடுவர், சித்தப்பா” என்றான்.

இல்லாள் எம்மைப் பார்த்துச் சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை.

மூன்றாம் இரவு நாம் வாய் திறவாதிருந்தோம். அது எவ்வளவு கடினம் என்பதைக் குடும்பத் தலைவர்கள் அறிவர்! ஆட்டத்தின் இறுதியில் ஓர் அரக்கன் எஞ்சி நின்றான். எமது செங்காவலன் குற்றுயிராய்க் கிடந்தான். மகள் கையில் இரண்டே கடுதாசிகள். அவற்றையும் இட்டால் அடுத்த சுற்றில் அவள் வீழ்வது நிச்சயம். எம்மைக் குணப்படுத்துவாள் என்றே எதிர்பார்த்தோம். கட்டளையிட முடிந்திருந்தால் அதையே கட்டளையிட்டிருப்போம். அவளோ தன் மந்திரத்தால் தாயின் கோடரிக்காரனை ஏவி, முறை வருமுன்னரே ஒரு தாக்குதலை நடத்துவித்தாள். அதனைத் தொடர்ந்து இல்லாள் எறிந்த கோடரியில் அரக்கன் வீழ்ந்தான். “அப்பாவைக் காப்பாற்றினால் ஒரு சுற்றுத்தான் தாங்குவார். அம்மாவின் அடி ஒன்று போதும் என்று எனக்குத் தெரிந்தது” என்றாள் மகள். அவள் தொடர்ச்சியாக அத்தனை வார்த்தைகள் பேசி நாம் கேட்டு வெகு நாளாயிற்று.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. அவள் அவ்வாண்டு சாதாரண தரப் பரீட்சையிற் சித்தியெய்தியிருந்தாள். உயர்தரத்துக்கான படிவத்தில் கணிதப் பிரிவு என்று நாமே நிரப்பி, மேசை லாச்சியில் வைத்திருந்தோம். “பொறியியல் படிக்கலாம் பிள்ளை” என்றபோது, “சரி அப்பா” என்றாள். அதைச் சம்மதம் என்று கொண்டோம். விளையாட்டில் எமக்குப் பின்னால் வந்து நின்றபோது சொன்ன “சரி அப்பா”வும் அதே குரலில் வந்தது என்பது அன்றுதான் செவியில் உறைத்தது.

பெற்றோர் வழி காட்டவேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அனுபவம் உள்ளவர் குறிப்புக் காட்டத்தான் வேண்டும். ஆனால் பிள்ளையின் கையிலுள்ள கடுதாசிகளைப் பிள்ளையே அறியும். நாம் ஒரே பக்கத்தில் நிற்பதனாலேயே அவற்றை எம்முடையவை என்று எண்ணிவிடுகிறோம். அன்புள்ள இடத்திலேதான் இப்பிழை எளிதில் நேர்கிறது. பகைவரின் கடுதாசியை எவரும் எட்டிப் பார்க்க விடுவதில்லை அல்லவா?

மறுநாட் காலை புதிய படிவம் ஒன்றை வாங்கிவந்து அவள் முன் வைத்தோம். “நீயே நிரப்பு” என்றோம். ஏதோ பிழை செய்துவிட்டவள்போல் முதலில் எம்மை நோக்கினாள். பின்பு பேசத் தொடங்கினாள். தேநீர் ஆறும்வரை பேசினாள். புவியியல் என்றாள், வரலாறு என்றாள், ஆசிரியையாக வேண்டுமென்றாள். எமக்கு ஐயங்கள் இருந்தன, இன்னும் இருக்கின்றன. அவற்றைக் கூறினோம், அவளும் செவிமடுத்தாள்.

படிவத்தின் அடியிலே பெற்றோரின் கையொப்பத்துக்கென ஒரு கோடு இருந்தது. எம் பெயரை அங்கே இட்டோம். மேலே உள்ளதெல்லாம் அவள் எழுத்து.